நடுவில் நிற்பவனைப் பாருங்கள்: விளையாட்டு கேள்வி–பதில்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் ஒஹையோ ஸ்டேட்டில் படிக்கிறான். மச்சான் மகன் மிச்சிகனில். ரெண்டு பேருக்கும் அந்த ஊர் ஃபுட்பால் பைத்தியம் பிடித்துவிட்டது. ஆகஸ்ட் 30-ல் 2025 சீசன் தொடங்குகிறதாம். அதற்குள் குடும்ப வாட்ஸ்அப்பில் "எங்க டிஃபென்சிவ் லைன்தான் கெத்து" என்று தினமும் சண்டை. நீங்கள் பள்ளிக்கூடத்தில் கபடி சொல்லிக் கொடுத்தவர், மகள் வீட்டுக்குப் போய் அந்த ஆட்டத்தையும் பார்த்தவர். யார் சொல்வது சரி?
– கீழக்கரை வாசகர்

பதில்: வாங்க பாய். டிஃபென்சிவ் லைன் என்றால் எதிரணி பந்தோடு வரும்போது முன்வரிசையில் நின்று தடுக்கிற ஆட்கள். ரெண்டு பிள்ளைகளும் எதை வைத்துச் சண்டை போடுகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 'சாக்' கணக்கை வைத்துத்தான் இருக்கும். பந்தை எறியப் போகும் குவார்ட்டர்பேக்கை, அவன் எறியும் முன்பே, ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னால் வைத்து அமுக்குவது சாக். கூட்டம் எழுந்து கத்தும், டிவியில் நாலு தடவை திருப்பிப் போடுவார்கள். அதனால் எல்லோருக்கும் அந்த எண்தான் மனதில் நிற்கிறது.

போன 2024 சீசனையே எடுத்துக்கொள்வோம். ஒஹையோ ஸ்டேட்டின் ஓர ஆட்கள் ஜே.டி. டுயிமோலோவ், ஜேக் சாயர். முன்னவருக்கு 12.5 சாக், பின்னவருக்கு 9. மிச்சிகனுக்கு நடுவில் நின்றவர்கள் மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட். இவர்களுக்கு 3.5, 3. எண்ணை மட்டும் பார்த்தால் உங்கள் மகன் ஜெயித்துவிட்டான். ஆனால் 2025 ஏப்ரலில் என்.எஃப்.எல். என்கிற தொழில்முறை லீக்கின் அணிகள் முறை வைத்து ஆள் எடுத்தபோது என்ன நடந்தது? கிரஹாம் ஐந்தாவது ஆளாகவே போய்விட்டார். கிராண்ட் பதின்மூன்றாவது. 12.5 சாக் வைத்திருந்தவர் இரண்டாம் சுற்றில் போனார், சாயர் நாலாம் சுற்றில். முதல் சுற்றில் ஒஹையோவின் டிஃபென்சிவ் லைனிலிருந்து போனது டைலீக் வில்லியம்ஸ் மட்டும்தான், 28-வது ஆளாக. அவரும் நடுவில் நிற்கிற ஆள்தான்.

ஏன் என்று கேட்டால், எதிரே குவார்ட்டர்பேக்கைக் காக்கிற லைனில் ஐந்து பேர் (நடுவில் சென்டர், அவனுக்கு ரெண்டு பக்கமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள்), நம் பக்கம் பெரும்பாலும் நாலு பேர். அப்போது நம்மில் யாராவது ஒருவன் மேல் ரெண்டு பேர் விழுந்தே தீர வேண்டும். அந்த ஒருவன் ரெண்டு பேரையும் தாங்கிக்கொண்டு இடத்தை விட்டுப் பெயராமல் நின்றால் மற்ற மூவருக்கும் ஆளுக்கு ஓர் எதிரிதான். பின்னால் நிற்கும் லைன்பேக்கர் மேல் கை வைக்க ஆளே மிஞ்சாது, அவன் ஓடி வந்து பந்துக்காரனைப் பிடிப்பான். பேர் அவனுக்குப் போகும். கபடியில் உள்ளே நிற்கிற கவர் நெருக்கிக்கொடுத்து, ஓரத்தில் நிற்கிற கார்னர் காலைப் பிடிக்கிறானே, அதேதான். புள்ளி கார்னருக்கு, பாதி வேலை கவருக்கு.

கிராண்டின் எடை சுமார் 150 கிலோ, கிரஹாம் 134. எடையைச் சொன்னால் உங்கள் பிள்ளைகள் அசந்துபோவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது கிரஹாம் பள்ளிக்கூடத்தில் மல்யுத்தம் பழகியவர் என்பதுதான். அவர் இடுப்பு எதிராளியின் இடுப்பைவிடத் தாழ்வாகவே இருக்கும். ரெண்டு பேர் தள்ளும்போது நிமிர்ந்தவன் போய்விடுவான், தாழ்ந்தவன் நிற்பான்.

2024 நவம்பர் 30 ஆட்டத்தை எடுத்துப் போட்டுப் பாருங்கள். மிச்சிகன் 13, ஒஹையோ 10. ஒஹையோ 26 தடவை பந்தைத் தூக்கி ஓடி மொத்தம் 77 கஜம்தான் போக முடிந்தது. திரும்பத் திரும்ப நடுவிலேயே ஓடிப் பார்த்தார்கள், வழியே இல்லை. ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு ஒஹையோவின் சென்டர் மெக்லாக்லினும் இடது டேக்கிள் சிம்மன்ஸும் காயத்தில் வெளியே இருந்தார்கள். எதிரே யார் நின்றார்கள் என்று கேட்காமல் லைனை எடை போடவே கூடாது. அதே ஒஹையோதான் பிறகு 2025 ஜனவரியில் நோட்ரடேமை 34–23 என்று வென்று நாட்டிலேயே முதலாவதாக வந்தது.

இப்போது இந்த 2025 சீசன். நான் மேலே சொன்ன அத்தனை பேரும் போய்விட்டார்கள். ஒஹையோவில் நாலு இடமும் காலி. கேடன் கரி, கென்யாட்டா ஜாக்சன் ஓரத்துக்கும், கேடன் மெக்டொனால்ட், எட்ரிக் ஹூஸ்டன் நடுவுக்கும் வருகிறார்கள். அந்த லைனுக்குப் பயிற்சியாளர் லாரி ஜான்சன், 2014-ல் அங்கே வந்தவர். ஆளை மாற்றி மாற்றி இறக்குவது அவர் வழக்கம். அதனால் இவர்கள் பெஞ்சில் துருப்பிடித்துக் கிடந்த ஆட்களில்லை. மிச்சிகனில் டெரிக் மூர் ஓரத்தில் நிற்கிறார், ரேஷான் பென்னி நடுவில். 2024 ஜனவரி ரோஸ் பவுல் ஆட்டத்தில் கால் எலும்பு முறிந்து, மறு சீசனில் எழுந்து வந்து ஆடியவர் பென்னி. அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பக்கத்தில் நிற்க அலபாமாவிலிருந்து டேமன் பெய்னைக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

என் கணிப்பு இது: செப்டம்பரில் மிச்சிகன் லைன் முந்தும், பழகிய ஆட்கள் அதிகம் என்பதால். நவம்பர் 29-ல் நேருக்கு நேர் நிற்கும்போது ஒஹையோ லைன் மேலே இருக்கும். மெக்டொனால்ட் ரெண்டு பேரைத் தாங்கும் ஆள் என்று நான் நம்புகிறேன். ஆகஸ்ட் 30-ல் டெக்சாஸுடன் ஒஹையோவின் முதல் ஆட்டம், நமக்கு இரவு ஒன்பதரை மணி. முதல் பத்து ஆட்டத் துண்டுக்குப் பந்தைப் பார்க்காதீர்கள். எதிரணியின் சென்டரையும் பக்கத்துக் கார்டையும் மட்டும் பாருங்கள். ரெண்டு பேரும் சேர்ந்து முட்டிய பிறகும் மெக்டொனால்டின் கால் போட்ட இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: அதென்ன சாக்கில் அரை?
– சாயல்குடி வாசகர்

பதில்: ரெண்டு பேர் சேர்ந்து அமுக்கினால் ஆளுக்குப் பாதி. நல்ல பழக்கம்தான். கபடியிலும் கவருக்கு அரைப் புள்ளி எழுதினால் நான் சந்தோஷப்படுவேன்.

கேள்வி: சார், நான் எங்கள் கல்லூரிக் கபடி அணியில் ரெய்டர். அடுத்த மாதம் எதிர்த்து ஆடப்போகும் கல்லூரியின் லெஃப்ட் கார்னர் போன வருடம் ஏகப்பட்ட டேக்கிள் புள்ளி எடுத்தவள். எங்கள் கார்னர் அதில் பாதிகூட இல்லை. பிள்ளைகள் இப்போதே பயப்படுகிறார்கள்.
– தொண்டி மாணவி

பதில்: மகளே, அந்தப் புள்ளிகளைப் பிரித்துப் பார். அவள் தனியாகக் கணுக்காலைப் பிடித்து நிறுத்தியது எத்தனை, கவர் வந்து மோதிய பிறகு விழுந்தது எத்தனை? மூணு பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், அதற்குக் கூடுதல் புள்ளி உண்டு. அடிக்கடி ஆளிழந்த அணியின் கார்னருக்கு அது நிறைய வரும். அப்படிச் சேர்ந்த எண் அவள் பலத்தையும் காட்டும், அவள் அணியின் ஓட்டையையும் காட்டும்.

முடிந்தால் அவர்கள் ஆடும் ஓர் ஆட்டத்தை நேரில் போய்ப் பார். எண்ட் லைன் பக்கம் உட்கார். ரெய்டர் போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டும்போது அவள் பின்கால் குதிகால் தூக்கியிருக்கிறதா, தரையில் பதிந்திருக்கிறதா? தூக்கியிருந்தால் பாயத் தயார். பதிந்திருந்தால் பக்கத்தில் கை கோத்த பெண் இழுத்த பிறகுதான் வருவாள். அப்படியானால் நீ தொட வேண்டியது அவளை இல்லை, அந்தப் பக்கத்துப் பெண்ணை. சங்கிலி அறுந்தால் கார்னர் தனியாள்.

ஒன்று கவனம். நீங்கள் கடற்கரை மணலில் பழகுகிறவர்கள். கெண்டைக்கால் உரமேறும், நல்லதுதான். ஆனால் போட்டி நடப்பது மேட் விரிப்பில். மணலில் கால் புதைகிற அளவுக்கு ரெய்டர் மெதுவாகத் திரும்புவாள், விரிப்பில் சட்டென்று திரும்பிவிடுவாள். உங்கள் கார்னர் பிந்துவது பலக் குறைவால் இல்லை, பழகிய தரையால். கடைசி ரெண்டு வாரமாவது எங்காவது மேட் கிடைக்கிற இடத்தில் ஆடப் பாருங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் நாற்பதைத் தாண்டிய வயதில் பாட்னா பைரேட்ஸுக்கு கேப்டனாக நின்று 2016-ல் புரோ கபடிக் கோப்பை வாங்கினார். அவரைவிட வேகமான ரெய்டர்கள் எதிரே எத்தனையோ பேர். அவர் ஆட்டத்தின் பழைய வீடியோக்களை உங்கள் கார்னருக்குப் போட்டுக் காட்டு. அவசரமே படமாட்டார்.

கேள்வி: என் மகனுக்குப் பதினேழு வயது, 95 கிலோ. வலை இழுப்பதில் ரெண்டு ஆள் பலம். கபடியில் எடை கூட என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அமெரிக்க ஃபுட்பாலுக்குத்தான் லாயக்கு என்று கேலி செய்கிறார்கள்.
– பாம்பன் வாசகர்

பதில்: பெரிய ஆண்கள் கபடியிலேயே 85 கிலோதான் வரம்பு, பையன்களுக்கு இன்னும் குறைவு. அவர்கள் அனுப்பியதில் தப்பில்லை. உடம்பைப் பட்டினி போட்டு 20 கிலோ இறக்கச் சொல்லிவிடாதீர்கள் அண்ணே, வளருகிற பையன். குண்டு எறிதலுக்கு விடுங்கள். 18 வயதுக்குக் கீழே 5 கிலோ குண்டு, 20-க்குக் கீழே 6, அதற்கு மேல் 7.26. வலை இழுத்த இடுப்பும் தொடையும் அங்கே வீண்போகாது. ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி மைதானத்துக்கு ஒருநாள் கூட்டிப்போய் தடகளப் பயிற்சியாளரைப் பாருங்கள். வெறும் வயிற்றோடு கூட்டிப்போகாதீர்கள், ஷூ போட்டு அனுப்புங்கள், வயதுச் சான்றிதழ் நகலும் கையில் இருக்கட்டும்.