ஸ்வீடன் கடற்படையின் ‘கப்தேன்’ நம் கேப்டன் அல்ல: படைத் தரநிலைகளை மொழிபெயர்க்கும் முறை

கேள்வி: ஸ்வீடிஷ் குடும்பம் ஒன்றின் வரலாற்றுக் குறிப்பைத் தமிழாக்கம் செய்துவருகிறேன். அண்ணன் தரைப்படையில் 1968-இல் ‘ஃபான்யுங்கரே’, 1972-இல் ‘லோய்த்னன்ட்’. தம்பி கடற்படையில் 1981-இல் ‘கப்தேன்’, 1996-இல் ‘கொம்மெண்டோர்’. கேப்டனாக இருந்தவரைக் கமாண்டராகக் கீழே இறக்கிவிட்டார்களா? இவர்களுடைய முப்பாட்டன் 1850-களில் ‘போட்ஸ்மன்’ என்று இருக்கிறது. இவற்றையெல்லாம் தமிழில் எப்படி எழுதுவது?

பதில்: யாரையும் இறக்கவில்லை. தம்பி மூன்று படி ஏறியிருக்கிறார். ஸ்வீடிஷ் தரநிலைகளில் ஒலி ஒற்றுமையை நம்பினால் இப்படித்தான் ஏற்றம் இறக்கமாகத் தெரியும். எந்தப் படை, எந்த ஆண்டு என்ற இரண்டு விவரமும் கைக்கு வராமல் எந்தத் தரநிலையையும் மொழிபெயர்க்கத் தொடங்காதீர்கள்.

முதலில் தம்பியைப் பார்ப்போம். பிரிட்டிஷ் மரபில் வந்த இந்திய, இலங்கைக் கடற்படைகளில் ‘கேப்டன்’ என்பவர் தரைப்படைக் கர்னலுக்கு இணையான மூத்த அதிகாரி. ஸ்வீடன் கடற்படையிலோ கீழ்நிலை அதிகாரிகளுக்குத் தரைப்படையின் பெயர்களேதாம்: ஃபென்ரிக், லோய்த்னன்ட், கப்தேன். ஆகவே அவர்களுடைய கடற்படைக் கப்தேன் நம் கடற்படையின் லெப்டினன்ட்டுக்குத்தான் இணை. அடுத்த படி ஓர்லோக்ஸ்கப்தேன். இது லெப்டினன்ட் கமாண்டர். அதற்கு மேல் கொம்மெண்டோர்கப்தேன், இது கமாண்டர். அதற்கும் மேலேதான் கொம்மெண்டோர் வருகிறார். காதுக்குக் கமாண்டர் போல ஒலிக்கும் இவரே நம் கணக்கில் கடற்படைக் கேப்டன். கப்தேனைக் கேப்டன் என்றும் கொம்மெண்டோரைக் கமாண்டர் என்றும் எழுதினால் ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழை. அந்த வரியை இப்படி எழுதலாம்: “1981-இல் கடற்படையில் கப்தேன் (லெப்டினன்ட் நிலை), 1996-இல் கொம்மெண்டோர் (கடற்படைக் கேப்டன் நிலை).”

அதற்கு முன், மூல ஆவணத்தில் கொம்மெண்டோருக்குப் பின்னால் ‘முதல் நிலை’ என்று பொருள்படும் ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். 1972 முதல் 2000 வரை கர்னல் நிலை இரண்டாகப் பிரிந்திருந்தது. தரைப்படையில் ‘முதல் நிலை ஓவர்ஸ்தெ’, கடற்படையில் ‘முதல் நிலை கொம்மெண்டோர்’ ஆகியவை பிரிகேடியர், கமடோர் மட்டத்தவை. 2000-இல் அந்த இடத்துக்குப் பிரிகேட் ஜெனரல், ஃப்ளோட்டில் அமிரால் என்ற தரநிலைகள் வந்தன. ஆவணம் 1996-ஐச் சேர்ந்தது என்பதால் இந்தச் சிறு ஒட்டு ஒரு முழுப் படியையே மாற்றிவிடும்.

சந்தேகம் வரும்போதெல்லாம் கைகொடுப்பது நேட்டோவின் தரக் குறியீடு. ஸ்டானாக் 2116 என்ற உடன்படிக்கை, அதிகாரிகளை ஓ.எஃப்-1 முதல் ஓ.எஃப்-10 வரையிலும், மற்ற தரத்தினரை ஓ.ஆர்-1 முதல் ஓ.ஆர்-9 வரையிலும் அடுக்குகிறது. ஸ்வீடன் நேட்டோவில் சேர்ந்தது 2024 மார்ச் 7 அன்று. இன்றைய தரைப்படையில் ஃபென்ரிக், லோய்த்னன்ட் இரண்டும் ஓ.எஃப்-1. அங்கிருந்து கப்தேன் 2, மயோர் 3, ஓவர்ஸ்தெலோய்த்னன்ட் 4, ஓவர்ஸ்தெ 5, பிரிகேட் ஜெனரல் 6 என்று போய், ஜெனரல் 9-இல் நிற்கிறார். இந்தியா நேட்டோவில் இல்லை. ஆனாலும் நம் அதிகாரித் தரநிலைகள் பிரிட்டிஷ் ஏணியில் அமைந்தவை என்பதால் மேஜர் 3, கர்னல் 5, பிரிகேடியர் 6 என்று நேராகப் பொருந்திவிடும். இரண்டு இடத்தில் மட்டும் நிதானம் தேவை. ஃபென்ரிக்குக்குச் சரியான இணை செகண்ட் லெப்டினன்ட். இந்தியத் தரைப்படையில் அது இப்போது வழக்கில் இல்லை, இலங்கையில் உண்டு. எந்த நாட்டு வாசகருக்கு எழுதினாலும் அதையே போடுங்கள். லெப்டினன்ட் என்று எழுதினால் லோய்த்னன்ட்டுக்குப் பெயர் மிஞ்சாது. ஸ்வீடனின் பிரிகேட் ஜெனரல் ஜெனரல் வரிசையில் சேர்ந்தவர். நம் பிரிகேடியர் அதே மட்டத்தில் இருந்தாலும் பெயரில் ஜெனரல் இல்லை. இங்கே மூலப் பெயரையே வைத்துக்கொண்டு, முதல் முறை வரும் இடத்தில் ‘பிரிகேடியர் மட்டம்’ என்று சேர்த்தால் போதும்.

இனி அண்ணன். உங்கள் குறிப்பில் ஆபத்தான வரி இதுதான். 1972-க்கு முன் ஸ்வீடன் படையில் மூன்று அடுக்குகள் இருந்தன: அதிகாரிகள், அவர்களுக்குக் கீழ் ‘உந்தர்ஒஃபிசெராரெ’, அதற்கும் கீழ் ‘உந்தர்பெஃபெல்’. ஃபான்யுங்கரே நடு அடுக்கைச் சேர்ந்த, நீண்ட அனுபவமுள்ள படைத்தலைவர். 1972 சீர்திருத்தம் நடு அடுக்கின் பெயரைக் ‘கம்பெனி அதிகாரிகள்’ என்று மாற்றி, அவர்களுக்கு அதிகாரிகளின் தரநிலைப் பெயர்களையே கொடுத்தது. ஃபான்யுங்கரேயாக இருந்தவர்கள் லோய்த்னன்ட் ஆனார்கள். அவர்களுக்கு மேலிருந்த ஃபோர்வால்தரேக்கள் கப்தேன் ஆனார்கள். எனவே “1972-இல் லெப்டினன்டாகப் பதவி உயர்வு பெற்றார்” என்று எழுதினால், அவர் போட்டியிட்டு அதிகாரி வரிசைக்குள் நுழைந்தார் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். நடந்தது அடுக்கு முழுவதற்குமான பெயர் மாற்றம். “1972-ஆம் ஆண்டுப் படைச் சீர்திருத்தத்தில் அவருடைய தரநிலை லோய்த்னன்ட் என மாறியது” என்பதே நியாயமான வாக்கியம். உழைத்துப் பெற்ற தரத்தைக் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது.

ஃபான்யுங்கரே என்ற பெயர் அதோடு மறையவில்லை. 1972-க்குப் பின் கீழ் அடுக்கான ‘பிளட்டூன் அதிகாரிகள்’ அந்தப் பெயரை ஏற்றார்கள். 1983-இல் எல்லாத் தொழில்முறைத் தலைவர்களும் ஒரே அதிகாரி வகையாக்கப்பட்டபோது அவர்களிடையே அது வழக்கொழிந்தது. 2009-இல் ‘ஸ்பெஷலிஸ்ட் அதிகாரி’ என்ற தனி வகை உருவானதும் திரும்பி வந்தது. இன்று அது ஓ.ஆர்-7. ஆக 1968, 1975, 2015 ஆண்டுகளின் ஃபான்யுங்கரேக்கள் மூவரும் வெவ்வேறு நிலையில் இருப்பவர்கள். ஸ்பெஷலிஸ்ட் அதிகாரியின் பெயரில் ‘அதிகாரி’ இருந்தாலும், குறியீட்டில் அவர் ஓ.ஆர் வரிசைக்காரர். இவர்களைச் சுபேதார் என்று எழுதும் ஆசை வரும்; வேண்டாம். சுபேதார் சேர்ந்த ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷன்டு ஆபீசர்) வகை நம் துணைக்கண்டத்துக்கே உரியது, ஸ்வீடனில் அதற்கு நேர் இல்லை. ‘வாரண்ட் ஆபீசர்’ என்பதும் வழுக்கும். பிரிட்டனில் அவர் ஓ.ஆர்-8, ஓ.ஆர்-9 மட்டம், அமெரிக்கத் தரைப்படையில் அது தனி வகை. பெயரை ஒலிபெயர்த்து, ‘கமிஷன் பெறாத மூத்த படைத்தலைவர்’ என்று ஒரு முறை விளக்கிவிடுங்கள்.

முப்பாட்டனின் ‘போட்ஸ்மன்’ கப்பலின் மேல்தளத் தலைமை மாலுமி அல்ல. அன்றைய பங்கீட்டுப் படைமுறையில், கடலோரப் பகுதிகளில் சில பண்ணைகள் சேர்ந்து கடற்படைக்கு ஒரு மாலுமியை வைத்துப் பராமரித்தன. அவருக்குச் சிறு வீடும் துண்டு நிலமும் கொடுத்தார்கள். அந்த மாலுமிதான் போட்ஸ்மன். 1901-இல் கட்டாயப் படைச்சேவை வந்ததும் இந்த முறை படிப்படியாக மறைந்தது. ‘பங்கீட்டு முறைக் கடற்படை மாலுமி’ என்று எழுதுங்கள்.

குறிப்பில் வேறு உறவினர்கள் வந்தால் சிலவற்றைக் கவனியுங்கள். ‘ஷோகப்தேன்’ வணிகக் கப்பல் தலைவர், படைக்கும் அவருக்கும் தொடர்பில்லை. கடற்படைக்காரர் ஒருவருக்கு மயோர் அல்லது ஓவர்ஸ்தெ என்று போட்டிருந்தால் அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள். கடலோரப் பீரங்கிப் படை கடற்படையின் கீழ் இருந்தபடியே தரைப்படைத் தரநிலைகளைப் பயன்படுத்தியது. ‘ரித்மெஸ்தரே’ குதிரைப்படையின் கேப்டன். ‘கம்பெனிஷேஃப்’ போன்றவை பொறுப்பின் பெயர்கள். அவற்றுக்குத் தரநிலையை ஊகித்து எழுத வேண்டாம். பழைய ஆவணத்தில் ஒருவர் ஓய்வு பெறும்போது மேல் தரநிலையின் ‘பெயர், மதிப்பு, கௌரவம்’ பெற்றதாக வந்தால், அது பட்டம் மட்டுமே. அவர் அந்தத் தரநிலையில் பணியாற்றியதாக எழுதாமல், “மேஜர் பட்டத்துடன் ஓய்வு பெற்றார்” என்று முடித்துக்கொள்ளுங்கள்.