உருளைக்கிழங்கு சாகுபடி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன அறுவடையில் ஒதுக்கிய பொடிக் கிழங்கை விதைக்கு வைத்திருக்கிறேன். இரண்டு மாதமாகியும் முளை வரவில்லை. அப்படியே நடலாமா?

வேண்டாம். தோண்டிய கிழங்கு ரகத்தைப் பொறுத்து 2 முதல் 3 மாதம் உறக்கத்தில் இருக்கும். உறக்கம் கலையுமுன் நட்டால் சில கிழங்கு மண்ணிலேயே அழுகும், மற்றவை முன்னும் பின்னுமாக முளைக்கும். நேர் வெயில் படாத, வெளிச்சமுள்ள இடத்தில் தட்டுகளில் ஓரிரு அடுக்காகப் பரப்பி வையுங்கள். ஒரு சென்டிமீட்டர் அளவில் தடித்த, நிறமேறிய முளை வந்ததும் நடலாம். இருட்டில் வைத்தால் வெளிறிய நீள முளைதான் வரும். கை பட்டாலே ஒடியும்.

அதைவிடப் பெரிய கவலை, பொடியாகப் பார்த்து ஒதுக்கியது. இலைச்சுருட்டு போன்ற வைரஸ் நோய் தாக்கிய செடிதான் பொடிக் கிழங்கை அதிகம் தரும். பெரியதை விற்றுவிட்டுப் பொடியை விதைக்கு எடுத்தால், ஆண்டுதோறும் நோயைத்தான் பொறுக்கி நடுகிறோம். விளைச்சல் படிப்படியாகக் குறைவதற்கு மண்ணைப் பழி சொல்பவர்கள் முதலில் விதையைப் பார்க்க வேண்டும். சான்றளிக்கப்பட்ட விதை கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால், பூக்கும் சமயத்தில் வயலில் நடந்து, இலை சுருளாத, மஞ்சள் தேமல் இல்லாத திடமான செடிகளுக்குப் பக்கத்தில் குச்சி நட்டு வையுங்கள். அவற்றைத் தனியாகத் தோண்டி, 40 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்குகளை விதைக்கு எடுங்கள்.

பெரிய கிழங்கை வெட்டி நடுவதானால் துண்டுக்கு இரண்டு கண்ணாவது (முளை வரும் குழி) வேண்டும், எடை 40 கிராமுக்குக் குறையக் கூடாது. வெட்டிய முகம் காய்ந்து தோல் கட்ட இரண்டு மூன்று நாள் நிழலில் விடுங்கள். கத்தியை அடிக்கடி கிருமிநாசினியில் முக்குங்கள். வாடல் நோய்க் கிருமி கத்தி வழியாகவும் கிழங்குக்குக் கிழங்கு தாவும். மண் ஈரமும் சூடுமாக இருந்தால் வெட்டவே வேண்டாம், முழுக் கிழங்கை நடுங்கள்.

ஏக்கருக்கு எவ்வளவு விதை? எத்தனை முறை மண் அணைக்க (செடியடியில் மண்ணைக் குவிக்க) வேண்டும்?

பாருக்குப் பார் (நடவுக்கு உயர்த்திய மண் மேடு) 60 செ.மீ., செடிக்குச் செடி 20 செ.மீ. விட்டால் ஏக்கருக்குச் சுமார் 33,700 செடி. 40 கிராம் விதையென்றால் ஏறக்குறைய 1,350 கிலோ. ஆழம் 5 முதல் 10 செ.மீ. போதும், குளிர்ந்த மண்ணில் ஆழமாகப் புதைத்தால் முளை மேலே வருமுன் அழுகல் முந்திக்கொள்ளும். மண் வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் காத்திருங்கள்.

புதுக் கிழங்குகள் விதைக்கிழங்கின் மட்டத்திலும் அதற்கு மேலும் பக்கவாட்டில் ஓடும் தண்டுகளின் நுனியில் திரள்கின்றன. அதனால்தான் மண் அணைப்பு. செடி 15 - 20 செ.மீ. வளர்ந்ததும் ஒருமுறை, இரண்டு மூன்று வாரம் கழித்து இலைகள் பாரை மூடுமுன் இன்னொருமுறை.

செடி செழித்து நிற்கிறது; தோண்டிப் பார்த்தால் கிழங்கு கோலிக்குண்டு அளவுதான். ஏன்?

பெரும்பாலும் தழைச்சத்து மிகுதி. பாதியை அடியுரமாகவும் மீதியை முதல் மண் அணைப்பின்போதும் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுங்கள். அதற்குப் பின் யூரியா போட்டால் இலைதான் வளரும், முதிர்ச்சி தள்ளிப்போகும். இன்னொரு காரணம் வெப்பம். கிழங்கு திரள ஏற்றது 15 - 20 டிகிரி. இரவிலும் 20 டிகிரிக்கு மேல் நீடித்தால் கிழங்கு கட்டுவது குறையும். அதை எந்த உரமும் சரிசெய்யாது. நடும் தேதியைத்தான் மாற்ற வேண்டும்.

கிழங்கு திரளத் தொடங்கும் வாரங்களில் மண்ணைக் காயவிடாதீர்கள். அப்போது காய்ந்தால் தோலில் சொறி வரும். காயப்போட்டு, பிறகு மொத்தமாகத் தண்ணீர் கட்டினால் வெடிப்பும் கோணல்மாணலும் மிஞ்சும்.

இலை ஓரத்தில் நீர் கோத்த கரும்புள்ளி, அடியில் வெள்ளைப் பூசணம். மருந்தடித்தால் தீருமா?

இது பின்கருகல் நோய். 1845-இல் அயர்லாந்து வயல்களை அழித்துப் பெரும் பஞ்சத்தைத் தொடங்கிவைத்தது இதுவே. குளிரும் தொடர்ந்த இலையீரமும் சேர்ந்தால் சில நாளில் வயல் முழுக்கக் கருகும். மாங்கோசெப் போன்ற மருந்து நோய் வருமுன் இலையைக் காக்கும். கருகிய இலையை மீட்காது. பாதிப்பு மிகுந்துவிட்டால் செடியைத் தரையோடு அறுத்து வயலுக்கு வெளியே அகற்றுங்கள். உடனே தோண்டாதீர்கள். இரண்டு வாரமாவது விட்டால் மேல்மண்ணிலுள்ள நோய்ப் பூசண வித்துகள் மடியும், நோயுற்ற கிழங்கும் மண்ணுக்குள்ளேயே அழுகி அடையாளம் காட்டிவிடும்.

தோண்டும்போது தோல் உரிகிறது. சேமித்த கிழங்கோ வறுத்தால் கருக்கிறது.

அவசரப்பட்டுத் தோண்டுகிறீர்கள். அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்தி, 10 - 14 நாள் முன்பாகச் செடியை அறுத்துவிடுங்கள். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தும் தோல் நகராவிட்டால் தோண்டலாம். பிறகு வெளிச்சம் படாத, காற்றோட்டமும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் 15 டிகிரியளவில் இரண்டு வாரம் வைத்தால் காயங்கள் ஆறும்.

வறுத்தால் கருப்பது கடுங்குளிரால். 6 டிகிரிக்குக் கீழே மாவுச்சத்து சர்க்கரையாகும். விதைக்கு 3 - 4 டிகிரி சரி. வறுவலுக்கு 8 டிகிரிக்கு மேல் வையுங்கள்.

பச்சை நிறமேறிய கிழங்கை என்ன செய்வது?

சமையலுக்கு வேண்டாம், அதிலுள்ள நச்சு வேகவைத்தாலும் போகாது. நோயில்லாத செடியில் வந்ததென்றால் விதைக்கு வைக்கலாம். ஆனால் அதே வயலில் நடாதீர்கள். மூன்று ஆண்டாவது தானியமோ பயறோ போட்டுவிட்டு உருளைக்குத் திரும்புங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் இந்த இடைவெளியில் சேராது. நோய்கள் பலவும் பொதுவானவை.