ஒட்டுக்கேட்பவன் செவிடனாக இருந்தால்

*ஐயா, குவாண்டம் சாவிப் பகிர்வு வந்துவிட்டால் நம் செய்திகளை யாராலும், எக்காலத்திலும் ஒட்டுக்கேட்க முடியாது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். இயற்பியல் விதியே காவல் நிற்கிறதாம். உண்மையா? ஃபோட்டானில் செய்தி எப்படிப் போகிறது? கைபேசிக்கு எப்போது வரும்? – ஒரு மாணவன்*

தம்பி,

கைபேசியை விடுங்கள். ஃபோட்டான் என்கிற ஒளித்துகளில் செய்தி போவதே இல்லை. போவது செய்தியைப் பூட்டும் சாவிக்கான எண்கள் மட்டும். பூட்டிய செய்தி வழக்கமான கம்பியிலேயே போகும்.

1984இல் பென்னட், பிரசார் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்ன முறை இது. அனுப்புபவர் ஒவ்வொரு ஃபோட்டானையும் நேராகவோ சாய்வாகவோ முனைவாக்கி, அதாவது அதன் அதிர்வுத் திசையை அமைத்து, அனுப்புவார். இரு கோணங்களிலும் 0க்கு ஒரு திசை, 1க்கு ஒரு திசை. பெறுபவர் குருட்டாம்போக்கில் ஒரு கோணத்தில் அளப்பார். அப்புறம் இருவரும் எந்தக் கோணம் என்பதை மட்டும் வெளிப்படையாகப் பேசி, பொருந்தாதவற்றைக் கழித்துவிடுவார்கள். தப்பான கோணத்தில் அளந்தால் ஃபோட்டான் மாறிப்போகும், நீங்கள் சொல்லும் விதி இதுதான். அதனால் நடுவில் ஒருவன் எல்லாவற்றையும் பிடித்து அளந்து பெறுபவருக்கு மறுபடி அனுப்பினால், மிஞ்சியதில் கால்வாசி பிழையாகும். கொஞ்சம் எண்களை ஒப்பிட்டாலே குட்டு வெளிப்படும். ஒட்டுக்கேட்பதை இது தடுக்காது, காட்டிக்கொடுக்கும். சாவியைத் தூக்கி எறிந்துவிடலாம், செய்திதான் இன்னும் கிளம்பவே இல்லையே! என்ன அழகான யோசனை. இதை ரசிக்காமல் ‘யாராலும், எக்காலத்திலும்’ என்று விளம்பரக்காரன் மாதிரி எழுதுகிறீர்களே, கோபம் வராதா?

1989இல் அவர்கள் செய்த முதல் சோதனையைக் கேளுங்கள். ஒளி போன தூரம் ஓர் அடி அளவுதான். ஃபோட்டானின் கோணத்தை மாற்றிய கருவியின் மின்வழங்கி, கோணத்துக்கு ஒரு சத்தம் போட்டதாம். ஒட்டுக்கேட்பவன் செவிடனாக இருந்தால் மட்டுமே எங்கள் கருவி முழுப் பாதுகாப்பு என்று பிரசாரே பின்னாளில் கேலி செய்தார். விதி அங்கேயும் சரியாகத்தான் இருந்தது. பெட்டிதான் உளறியது. 2010இல் கடையில் விற்ற கருவிகளுக்கும் அதே கதி. ஃபோட்டானைப் பிடிக்கும் உணரிக்குள் பளிச்சென்று ஒளியைப் பாய்ச்சிக் குருடாக்கி, பிழையே காட்டாமல் சாவியைத் திருடலாம் என்று ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். விதியை யாரும் தொடவில்லை, தொடத் தேவையும் இருக்கவில்லை.

எதிர்முனையில் இருப்பது நம் ஆள்தானா என்பதையும் ஃபோட்டான் சொல்லாது. அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். சரி, அது தனிக் கதை.

கண்ணாடி இழையில் தூரம் போகப் போக ஃபோட்டான்கள் தொலைந்துபோகும். அதனால்தான் 2017இல் திறந்த, சுமார் 2000 கி.மீ. நீளமுள்ள பெய்ஜிங்–ஷாங்காய் குவாண்டம் சாவித் தடத்தில் வழிநெடுக இடைநிலையங்கள். ஒவ்வொன்றிலும் சாவி ஒருமுறை சாதாரண எண்ணாக வெளியே வந்துதான் அடுத்த கட்டத்துக்குப் போகிறது. அந்த அறைகளுக்கு யார் காவல் என்று உங்கள் காணொளிக்காரர் சொன்னாரா?