அமெரிக்காவில் எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுநிலைப் பட்டம்) நடிப்பு ஆடிஷனுக்குப் போகும் சிறுபான்மையின மாணவர்களை எப்படித் தயார்செய்வது?

சிறிய கல்லூரியில் நாடகம் படித்த கறுப்பின, லத்தீனோ, ஆசிய மாணவர்களுக்கு வழிகாட்டும் ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தப் பிள்ளைகளிடம் திறமை இருக்கிறது. பெரிய கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் காதோடு காதாகச் சொல்லிக்கொடுக்கும் விஷயங்கள்தான் இவர்களுக்கு வந்து சேர்வதில்லை. அவற்றை முழுசாகச் சொல்லிக்கொடுப்பதே உங்கள் வேலை.

முதலில் பணம். கட்டணத்தைப் பார்த்துப் பயந்து நல்ல நாடகப் பள்ளிகளைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடுகிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளியில் 2021 முதல் கல்விக் கட்டணமே இல்லை. நியூயார்க்கின் ஜூலியார்ட் கலைப் பள்ளியும் 2024-இல் தன் எம்.எஃப்.ஏ. நடிப்புப் படிப்பைக் கட்டணமில்லாததாக்கியது. விண்ணப்பக் கட்டணத்துக்கும் பல இடங்களில் விலக்கு உண்டு, ஆனால் கடைசித் தேதிக்குச் சில வாரங்கள் முன்பே எழுதிக் கேட்க வேண்டும். பயணச் செலவுக்குக் கையில் காசில்லை என்றால் யு.ஆர்.டி.ஏ. என்ற பல்கலைக்கழக நாடகத் துறைகளின் சங்கம் நடத்தும் கூட்டு ஆடிஷனைப் பாருங்கள். ஒரே இடத்தில் நடித்துக் காட்டினால் பல பல்கலைக்கழகங்கள் பார்க்கும்.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரித் தொடக்கத்தில் முடியும். ஆடிஷன் ஜனவரி, பிப்ரவரியில். ஆகவே நடித்துக் காட்டும் நாடகப் பகுதிகளை ஜூனிலேயே தேடத் தொடங்குங்கள். அக்டோபரில் ஆரம்பித்தவருக்கு வரிகள் மனப்பாடமாகும், உடம்பில் இறங்காது.

பெரும்பாலான பள்ளிகள் இரண்டு மோனோலாக், அதாவது ஒருவரே பேசும் நீண்ட பேச்சு, கேட்கும். ஒன்று ஷேக்ஸ்பியர் போன்ற செய்யுள் நடை, மற்றொன்று தற்கால நாடகம். ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்துக்குள் இருக்கட்டும். பத்து அசை கொண்ட செய்யுள் வரி ஒன்றுக்கு மூன்று, மூன்றரை விநாடி ஆகும். இருபது வரி எடுத்தாலே ஒரு நிமிடம் தாண்டிவிடும். ஒத்திகையில் 90 விநாடி வருவதை அப்படியே விடாதீர்கள், 75-க்கு வெட்டுங்கள். ஆடிஷன் அறையில் மௌனங்கள் நீளும். கையில் நான்கு பகுதி தயாராக இருக்க வேண்டும். 'வேறு ஏதாவது வைத்திருக்கிறாயா?' என்று கேட்பது வழக்கம், அந்தக் கேள்வி வந்தால் அவர்களுக்கு ஆர்வம் பிறந்திருக்கிறது என்று அர்த்தம்.

பகுதியைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். 22 வயதுக் கறுப்பின இளைஞன் என்றதும் ஷேக்ஸ்பியரின் கறுப்பினப் பாத்திரமான ஒத்தெல்லோவைக் கையில் கொடுத்துவிடுகிறோம். ஒத்தெல்லோ போர்க்களங்களில் வயதான தளபதி, இந்தப் பையன் எங்கே, அவன் எங்கே? ரோமியோ, ஹாட்ஸ்பர், எட்மண்ட் என்று ஷேக்ஸ்பியரின் இளம் பாத்திரங்களின் எல்லா வாசலையும் திறந்து காட்டுங்கள். பிறகும் அவனே ஒத்தெல்லோதான் வேண்டும் என்றால் அது வேறு விஷயம். தற்காலப் பகுதியில் இன்னொரு சிக்கல்: தங்கள் சமூகத்தின் மிகப் பெரிய காயத்தையே எடுத்து வைத்தால்தான் மதிப்பார்கள் என்று மாணவர்கள் நம்புகிறார்கள். ஒரே வாரத்தில் ஐந்து அறைகளில் அந்தக் காயத்தைக் கிளறினால் பிள்ளை நொறுங்கிப்போகும், நடிப்பும் வறண்டுபோகும். எதிரே நிற்கும் ஒருவரிடமிருந்து இப்போதே எதையோ பிடுங்கத் துடிக்கும் பாத்திரத்தைத் தேடுங்கள். கறுப்பின அமெரிக்க நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் எழுதிய பேச்சுகள் அற்புதமானவை, ஆனால் பல நீண்ட கதைசொல்லல்கள். நடுவிலிருந்து வெட்டினால் கதை மட்டும் மிஞ்சும், அதைச் சொல்ல வேண்டிய தேவை அறுந்துவிடும். வெட்டும் முன் முழு நாடகத்தையும் மாணவர் படித்தாக வேண்டும். பகுதியில் இனவசைச் சொல் இருந்தால், அதைச் சொல்வதா, வேறு பகுதிக்குப் போவதா என்பது மாணவரின் முடிவு. நீங்கள் தலையிட வேண்டாம்.

அடுத்து உச்சரிப்பு. பேச்சுப் பயிற்சியாளர் ஈடித் ஸ்கின்னர் கார்னகி கல்வி நிறுவனத்திலும் ஜூலியார்டிலும் கற்பித்த 'நல்ல பேச்சு' என்ற ஒரே சீரான உச்சரிப்பு முறை பல பத்தாண்டுகள் அமெரிக்க நாடகப் பள்ளிகளை ஆண்டது. அதன் நிழலில், செய்யுள் என்றாலே வீட்டுப் பேச்சை மறைக்க வேண்டும் என்ற எண்ணம் பிள்ளைகளிடம் ஊறிப்போயிருக்கிறது. அப்படி மறைக்கும்போது தாடையும் கழுத்தும் இறுகும், மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும். பார்ப்பவர்களுக்கு முதல் மூன்று வரியிலேயே தெரிந்துவிடும்.

இதற்கு ஒரு பயிற்சி. ஷேக்ஸ்பியரின் 'மெஷர் ஃபார் மெஷர்' நாடகத்தின் இரண்டாம் அங்கத்தின் முடிவில் இசபெல்லா தனியே நிற்கிறாள். அவளுடைய சகோதரனின் உயிருக்கு விலையாக அவளையே கேட்டுவிட்டு, கோமகனுக்குப் பதிலாக ஆளும் ஏஞ்சலோ போய்விட்டான். முதலில் மாணவி அந்தப் பேச்சை வரிவரியாகத் தன் வீட்டு மொழியில் சொல்லட்டும். ஸ்பானிஷோ, ஹெய்த்தியன் கிரியோலோ, தமிழோ, பாட்டியிடம் பேசும் மொழி எதுவோ அது. யாரிடம் போய் முறையிடுவது என்ற கேள்வியை அந்த மொழியில் கேட்டதும் குரல் வயிற்றுக்கு இறங்கும். உடனே, இடைவெளி விடாமல், அதே வரியை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். குரல் இறங்கிய இடத்திலேயே நிற்கும். மொத்தப் பேச்சையும் இப்படி மூன்று நாள் செய்தபின் தாளத்தைச் சரிபாருங்கள். வரியின் கடைசிச் சொல் அமுங்கிவிடாமல் இருந்தால் போதும். உச்சரிப்பை மாற்ற வேண்டியதில்லை, மெய்யெழுத்துகள் தெளிவாக ஒலிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் சுற்று வீடியோ என்றால் கருத்த தோல் உள்ளவர்கள் அதிகம் பாதிக்கப்படுவது ஒளியில். வெள்ளைச் சுவருக்கு முன் நின்றால் போன் கேமரா சுவரைக் கணக்கில் எடுத்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், கண்கள் இருட்டில் மூழ்கிவிடும். நடுத்தரச் சாம்பல் அல்லது நீலத் துணியைப் பின்னால் கட்டுங்கள், மாணவர் அதிலிருந்து நாலடி தள்ளி நிற்கட்டும். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஒளியைப் பூட்டிவிட்டு, சற்றே கூட்டுங்கள். விளக்கு நேர் எதிரே வேண்டாம். பக்கவாட்டில் 45 பாகையில் மெல்லிய துணி போர்த்திய விளக்கு ஒன்று, மறுபக்கம் வெள்ளை அட்டை ஒன்று. கன்னத்தில் ஒளி வழுக்கிப் போவது தெரிய வேண்டும். பார்வை லென்ஸுக்கு ஒட்டி ஒரு பக்கம்.

டிசம்பரில் குறைந்தது மூன்று மாதிரி ஆடிஷன் வையுங்கள், மாணவருக்கு முகம் தெரியாதவர்களை உட்கார வைத்து. உள்ளே வந்து வணக்கம் சொல்லி, பெயர் சொல்லி, பகுதியை அறிவிப்பது வரை எல்லாம் பயிற்சி. பெயரைச் சுருக்க விடாதீர்கள். திருநாவுக்கரசோ, ஒலுவாசேயியோ, நிதானமாக முழுசாகச் சொல்லட்டும், அறை அதைக் கேட்டுக்கொள்ளும். ஒருமுறை நடித்ததும் 'இதையே குழந்தைக்குத் தாலாட்டு பாடுவதுபோலச் சொல்' என்று முற்றிலும் மாற்றிக் கேளுங்கள். ஆடிஷனில் இதைத்தான் செய்வார்கள். சரியாக வருகிறதா என்பதைவிட, மாணவர் தயக்கமின்றி மாறுகிறாரா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

விண்ணப்பக் கட்டுரையைப் பற்றி ஒரு குழப்பம் இருக்கிறது. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடுத்தது. ஆனால் இனம் தன் வாழ்க்கையை எப்படித் தொட்டது என்று விண்ணப்பதாரர் எழுதுவதை அதே தீர்ப்பு தடுக்கவில்லை. அதனால் பயந்து மழுப்ப வேண்டாம், ஒரு குறிப்பிட்ட அனுபவத்தையும் அது நடிப்புக்கு என்ன கொடுத்தது என்பதையும் எழுதட்டும்.

நேர்காணலில் மாணவரும் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுத் தயாரிப்புகளில் எங்களைப் போன்ற மாணவர்களுக்கு என்னென்ன பாத்திரங்கள் கிடைத்தன? சுருள்முடியைக் கையாளத் தெரிந்த ஒப்பனையாளர் இருக்கிறாரா? இந்த இரண்டு கேள்விக்குமே பதில் தடுமாறினால் குறித்துக்கொள்ளுங்கள். இடம் கிடைத்தபின், அங்கே இப்போது படிக்கும் சிறுபான்மையின மாணவர் இரண்டு பேரோடு, ஆசிரியர் யாரும் உடன் இல்லாமல், போனில் பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

உடனே பதில் சொல் என்று அவசரப்படுத்தினால் பதற வேண்டாம். முதுநிலைக் கல்வி நிறுவனங்களின் கூட்டமைப்பான கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸின் தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவியோடு தரும் இடத்துக்கு ஏப்ரல் 15 வரை அவகாசம் தர வேண்டும். பள்ளி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு இடம் கிடைத்திருந்தால், குறைவான உதவி தரும் பள்ளிக்கு மற்றதன் தொகையைக் குறிப்பிட்டு, கூட்டித் தர முடியுமா என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள்.