பெருந்தன்மையா, விழுக்காட்டுக் கணக்கா?

கேள்வி: சிங்கப்பூரில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவன் நான். அங்கே சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லாரும் ஒரே கட்டடத்தில் சண்டை சச்சரவு இல்லாமல் குடியிருக்கிறார்கள். அந்தப் பெருந்தன்மை நமக்கு ஏன் வரவில்லை? பல பண்பாட்டினர் கலந்து வாழ்வதால் ஒரு சமூகத்துக்கு உண்மையில் நன்மை அதிகமா, தொல்லை அதிகமா? (என் வீட்டு மாடியை வாடகைக்கு விடுகிறேன். வேறு பழக்கம் உள்ளவர்களை வைத்தால் வீண் தொல்லை என்று நம்மவர்களுக்கு மட்டுமே கொடுத்து வருகிறேன்.)
— வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: அடைப்புக்குறிக்குள் எழுதியதை நீங்களே இன்னொரு முறை படித்திருந்தால் அதற்கு மேலே உள்ள கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள். இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், மாடியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் 'பெருந்தன்மை' என்ற சொல்லை எடுத்துவிடுவோம். நீங்கள் பார்த்த அந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்னும் அரசு அமைப்பு) அடுக்குமாடியில் ஒரே தளத்தில் மூன்று இனத்தவர் குடியிருந்ததற்குக் காரணம் யாருடைய மனவிசாலமும் அல்ல. 1989 மார்ச் முதல் நடப்பில் இருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை. ஒரு புளோக்கில், அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், சீனர்கள் 87 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது, மலாய்க்காரர்கள் 25 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அது வரம்பு கட்டியது. இந்தியர்க்கும் பிற இனத்தவர்க்கும் சேர்த்து அன்று விதித்த வரம்பு 13. 2010இல் அது 15 ஆக உயர்ந்தது. அந்தக் கொள்கையைக் கொண்டுவந்தபோது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் தமிழரான எஸ். தனபாலன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மக்களைத் தம் விருப்பத்துக்கு விட்டபோது அவர்கள் கலக்கவில்லை. மலாய்க்காரர்கள் பிடோக், தெம்பனிஸ் பக்கமும் சீனர்கள் ஹவ்காங் பக்கமும் ஒதுங்கத் தொடங்கியிருந்தார்கள். அதைக் கண்டுதான் அரசு கணக்கைக் கையில் எடுத்தது.

இப்படி ஒதுங்குவதைக் கண்டு அரசு அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. 1822இல் ராஃபிள்ஸின் காலத்தில் வகுத்த நகரத் திட்டமே சீனர்க்கு ஒரு பகுதி, சூலியாக்கள் எனப்பட்ட தென்னிந்தியர்க்கு ஒரு பகுதி, சுலாவேசித் தீவிலிருந்து வந்த புகிஸ்காரர்க்கும் அராபியர்க்கும் தனித்தனிப் பகுதிகள் என்று ஊரைக் கூறுபோட்டுத்தான் வைத்தது. ஒருவரை ஒருவர் சந்தையில் மட்டுமே பார்த்துக்கொண்டு ஒன்றரை நூற்றாண்டைக் கழித்த அந்த ஊரில், 1964 ஜூலை 21 அன்று நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது கலவரம் மூண்டு 23 பேர் இறந்தார்கள். செப்டம்பரில் மீண்டும் மூண்டு மேலும் 13 பேர். 'சண்டை சச்சரவு இல்லாமல்' என்று நீங்கள் எழுதியிருப்பது அந்த 36 உயிர்களுக்குப் பிறகு கட்டி எழுப்பிய நிலைமை. பள்ளிகளில் இன நல்லிணக்க நாளை ஜூலை 21இல் வைத்திருப்பதும் அதனால்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு விலை உண்டு, அதை எல்லாரும் சமமாகக் கொடுப்பதில்லை. ஒரு புளோக்கில் சீனர்களுக்கான வரம்பு நிறைந்துவிட்டது என்று வையுங்கள். அங்கே வீடு வைத்திருக்கும் தமிழர் அதைச் சீனருக்கு விற்க முடியாது. இந்தியருக்கோ மலாய்க்காரருக்கோ பிற இனத்தவருக்கோதான் விற்கலாம். குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் முக்கால்வாசிப் பேர் சீனர்கள் என்னும்போது, வாங்க வருபவர்களில் பெரும்பகுதியை அவர் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார். வீடு மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும். கடைசியில் விலையைக் குறைக்க வேண்டிவரும். பக்கத்து வீட்டுச் சீனர் தம் வீட்டை விற்க இந்தத் தடை கிடையாது. சிறுபான்மையினரைக் காக்க வந்த விதி சிறுபான்மையினரின் பணப்பையில் கைவைக்கிறது என்ற குறையை அரசு நெடுங்காலம் தெரிந்தே வைத்திருந்தது. பத்தாண்டுகளுக்கு மேல் வீட்டை வைத்திருந்து, விற்க முடியாமல் உண்மையிலேயே தவிப்பவர்களிடமிருந்து சில நேர்வுகளில் கழகமே வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் என்ற அறிவிப்பு 2022இல்தான் வந்தது. தைப்பூசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1968க்கு முன்பு அது அங்கே பொது விடுமுறை நாள், பிறகு இல்லை.

அப்படியானால் நன்மை எங்கே என்று கேட்பீர்கள். வாட்டர்லூ தெருவுக்குப் போயிருக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடைக்கும் ஓய்வில் லிட்டில் இந்தியாவின் தேக்காவைத் தாண்டியிருக்க மாட்டீர்கள். வாட்டர்லூ தெருவில் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயிலும் கிருஷ்ணன் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. குவான் யினிடம் வேண்டிக்கொண்டு வரும் சீன மூதாட்டி நேரே வீட்டுக்குப் போவதில்லை. நாலு எட்டு நடந்து கிருஷ்ணன் கோயில் வாசலில் நின்று, ஊதுபத்தியை இரு கைகளாலும் நெற்றிக்கு உயர்த்தி மூன்று முறை ஆட்டிவிட்டு, அங்கே வைத்திருக்கும் சாடியில் செருகிவிட்டுத்தான் போகிறார். அவரை யாரும் அழைக்கவில்லை. எந்த வரம்பும் அவரை அங்கே நிறுத்தவில்லை. நன்மை என்று நான் சொல்வது இதைத்தான். கலை நிகழ்ச்சி மேடையில் மூன்று நிற உடைகளில் பிள்ளைகளை ஆடவிட்டுப் படம் பிடிப்பதை நான் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

2011இல் நடந்த கறி (அங்கே மசாலாக் குழம்புக்கு அந்தப் பெயர்) விவகாரம் உங்கள் காதுக்கு எட்டியதா, தெரியவில்லை. சீனாவிலிருந்து புதிதாக வந்து குடியேறிய ஒரு குடும்பம், பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பம் சமைக்கும் கறியின் வாடை தாங்கவில்லை என்று சமூக சமரச நிலையத்துக்குப் போனது. அந்த இந்தியக் குடும்பம் ஏற்கெனவே கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டுதான் சமைத்துவந்தது. பக்கத்து வீட்டார் வெளியே போயிருக்கும்போது மட்டும் கறி சமைப்பது, அவர்களும் ஒரு நாள் கறியைச் சுவைத்துப் பார்க்க முயல்வது என்று உடன்பாடு ஆயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன இந்தச் செய்தி நாளேட்டில் வெளிவந்ததும் ஊர் கொதித்தது. அந்த யோசனையைச் சொன்னது இந்தியக் குடும்பமே, சமரசம் செய்தவர் அல்ல என்று சட்ட அமைச்சர் விளக்கம் தர வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, எல்லா வீட்டிலும் கறி சமைப்போம் என்று ஃபேஸ்புக்கில் விடுத்த அழைப்பில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். அவர்களில் சீனர்களும் ஏராளம். ஏனென்றால் கறி அவர்களுக்கு அயலார் உணவு அல்ல. அந்த ஊரின் பெருமையாகிய மீன் தலைக் கறியே, சீனர்கள் மீன் தலையை விரும்பி உண்பதைப் பார்த்து மலையாளி ஒருவர் தம் குழம்பில் அதைப் போட்டதால் பிறந்தது என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு மூன்று தலைமுறைகள் ஒரே சுவரின் இரு பக்கமும் இருந்தவர்களுக்கு வாடை பழகிவிட்டது. அதே நாளில் இன்னொன்றும் நடந்தது, அதை மறைக்க மாட்டேன்: பழைய சீனரும் பழைய தமிழரும் மலாய்க்காரரும் ஒன்று சேர்ந்தது புதிதாக வந்தவர்களுக்கு எதிராக. கோடு அழியவில்லை, இடம் மாறியது.

பன்மையைக் காப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சீனர், மலாய்க்காரர், இந்தியர், பிறர் என்று நான்கு பெட்டிகள் செய்து எல்லாரையும் அவற்றில் அடைத்தால் நிர்வாகம் எளிதாகும். ஆனால் 'இந்தியர்' என்ற ஒரே பெட்டிக்குள் தமிழரும் பஞ்சாபியரும் குஜராத்தியரும் நெருக்கிக்கொண்டு உட்கார வேண்டும். 1979இல் தொடங்கிய மாண்டரின் சீனம் பேசும் இயக்கத்தால் ஹொக்கியன், தியோச்சூ போன்ற சீனக் கிளைமொழிகள் பேரப்பிள்ளைகளின் நாவிலிருந்து இறங்கிப்போயின. தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி உண்டு, நாணயத்தாளில் இடம் உண்டு, பள்ளியில் பாடம் உண்டு. ஆனாலும் வீட்டில் பெரும்பாலும் தமிழே பேசுபவர்களின் பங்கு 2010 கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடாக இருந்து 2020இல் 2.5 ஆகக் குறைந்தது. அதே பத்தாண்டில் வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3க்கு வந்துவிட்டார்கள். எல்லாரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள ஒரு மொழி தேவைப்பட்டது. அந்த மொழியே வீட்டுக்குள்ளும் வந்து அமர்ந்துகொண்டது. இதில் குற்றவாளி என்று எவரையும் நிறுத்த முடியாது.

ஆகவே நன்மையா, தொல்லையா என்று தராசு பிடித்துக் கேட்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. கறி வாடையும், கீழ்த்தளத்தில் இந்த வாரம் ஒலிக்கும் மலாய்க் கல்யாணப் பாட்டும், அடுத்த வாரம் அதே இடத்தில் பல நாள் நீளும் சீனர் வீட்டு இழவும் தொல்லைகளே. அந்தத் தொல்லைகளைப் பொறுத்த வீட்டில்தான் மீன் தலைக் கறியும் வெந்தது. முன்னதை வேண்டாம் என்பவருக்குப் பின்னது மட்டும் தனியாக வந்து சேராது.

இனி உங்கள் மாடி. மூன்றாண்டுகள் அங்கே இருந்தவர் என்கிறீர்கள். வாடகை அறைக்கான விளம்பரங்களில் 'இந்தியர்கள் வேண்டாம்' என்று எழுதியிருந்ததை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. சமையல் வாடை, வேறு பழக்கம் என்றுதான் அந்த வீட்டுக்காரர்களும் காரணம் சொன்னார்கள். அப்போது உங்களுக்குக் கோபம் வந்திருக்கும், வந்ததில் தவறும் இல்லை. அந்த விளம்பரத்துக்கும் திண்டுக்கல்லில் நீங்கள் மனத்தில் தொங்கவிட்டிருக்கும் பலகைக்கும் என்ன வேறுபாடு என்பதை அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.