வாத்து என்று கூப்பிட்டால் கோபப்படாதே, தம்பி

வடசென்னைக் காசிமேட்டிலிருந்து அடுத்த மாதம் இங்கிலாந்தில் நாட்டிங்காமுக்கு வரப்போகிற ஒரு தம்பி நான்கு கேள்வி கேட்டிருந்தார். குளிருக்கு என்ன வாங்குவது, அறை வாடகை எவ்வளவு ஆகும், கரண்ட் குக்கர் கொண்டு வரலாமா, கடைசியாக, 'ஐஇஎல்டிஎஸ் முடிச்சிட்டேன்ணா, இங்கிலீஷ் போதுமா?' முதல் மூன்றுக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாலாவதை நான் எடுத்துக்கொள்கிறேன். காசிமேடு என்று படித்த பிறகு 'நீங்கள்' வரமாட்டேன் என்கிறது. நான் ராயபுரம், கல்மண்டபம் பக்கம்.

போதாது தம்பி. இலக்கணத்தைச் சொல்லவில்லை. பெரிய பெரிய வார்த்தையும் பிரச்சினை இல்லை, அதற்கு அகராதி இருக்கிறது. நீ ஆறாம் வகுப்பிலேயே படித்து முடித்த சின்ன வார்த்தைகள்தான் காலை வாரும்.

நான் வந்தது 2004 ஜனவரியில், ஒரு கிடங்கில் வேலைக்கு. முதல் நாள் காலையில் சூப்பர்வைசர் என்னைப் பார்த்து 'ஆல் ரைட்?' என்றார். முகம் வாடியிருக்கிறது போல, மனிதர் அக்கறையாக விசாரிக்கிறார் என்று நினைத்து, ராத்திரி தூக்கம் வராதது, கால் விரல் மரத்துப்போவது எல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் நாலு ஆள் தாண்டிப் போய்விட்டார். இப்படியே இரண்டு வாரம் தினமும் உடல்நிலை அறிக்கை கொடுத்திருக்கிறேன். அது வெறும் வணக்கம். நீயும் 'ஆல் ரைட்' என்று திருப்பிச் சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். நம்ம தெருவில் 'இன்னா, சாப்ட்டியா?' என்று கேட்கிறவர் சோறா போடப் போகிறார்?

அப்புறம் இந்த வாத்து. பஸ்ஸில் காசு கொடுத்தேன், டிரைவர் 'தேங்க்யூ டக்' என்றார். சின்ன வயதிலிருந்தே என் நடையை வாத்து நடை என்று அத்தை கேலி செய்வார். இவருக்குமா தெரிந்துவிட்டது என்று ஆடிப்போனேன். நாட்டிங்காம், டெர்பி பக்கம் எல்லாரும் எல்லாருக்கும் டக்தான். கடைக்காரப் பாட்டி உன்னைச் சொல்வாள், மீசை வைத்த ஆள் இன்னொரு மீசை வைத்த ஆளைச் சொல்வான். நம்ம 'கண்ணு' மாதிரி. அதேபோல இங்கே 'காப்' என்றால் பன். லண்டனில் போய் அந்தப் பெயரில் கேட்டால் முழிப்பார்கள்.

இதெல்லாம் தானாகப் பழகிவிடும். நான் எச்சரிக்க நினைப்பது வேறு. புதிதாக வந்தவனுக்குக் கூட வேலை செய்கிறவர்கள் வார்த்தை சொல்லிக் கொடுப்பார்கள். ரொம்ப அன்பாகச் சொல்லிக் கொடுப்பார்கள். எனக்கு இரண்டு பையன்கள், 'மிங்கிங்' என்றால் பிரமாதமான ருசி என்று சொன்னார்கள். நானும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே சூப்பர்வைசர் அவர் வீட்டுக்கு ஐந்தரை மணிக்கு 'டீ'க்குக் கூப்பிட்டார். டீதானே என்று அறையில் ரசம் சாதமும் அப்பளமும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். அங்கே மேசையில் இறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை', உருளைக்கிழங்கு, பட்டாணி. இந்த ஊர்ப் பக்கம் டீ என்றால் ராத்திரிச் சாப்பாடு என்று எந்தப் பாடப்புத்தகத்தில் இருந்தது? மூச்சுத் திணறத் தின்றேன். அவர் மனைவி, எப்படி இருக்கிறது என்று கேட்டார். முகமெல்லாம் சிரிப்பாக, 'வெரி மிங்கிங்' என்றேன்.

மிங்கிங் என்றால் அருவருப்பு, நாற்றம்.

அந்த அம்மா ஒரு நொடி உறைந்து, பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்று சூப்பர்வைசருக்கும் உடனே தெரிந்துவிட்டது. எனக்குத்தான் மறுநாள் அந்த இரண்டு பேர் முகத்தைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? திருநெல்வேலியிலிருந்து எங்கள் தெருவுக்கு வந்து தங்கிய ஒரு பையனுக்கு, 'கலீஜ்' என்றால் சூப்பர் என்று பாடம் எடுத்தவனே நான்தான். அவன் மெஸ் ஆயாவிடம் போய், 'ஆயா, மீன் குழம்பு ரொம்ப கலீஜா இருக்கு' என்று பணிவாகச் சொன்னான். ஆயா கரண்டியோடு எழுந்து வந்தது. நாங்கள் கல்மண்டபம் வரைக்கும் ஓடினோம்.

அர்த்தம் கட்டுவதில் எங்கள் தெருவை யாரும் மிஞ்ச முடியாது. கல்யாணமே ஆகாமல் வயது ஏறிப்போன ஒரு அண்ணனுக்கு 'ராயபுரம் ஸ்டேஷன்' என்று பெயர். 1856-இல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம், பழைய கம்பீரம் எல்லாம் உண்டு, ஆனால் ஒரு எக்ஸ்பிரஸும் அங்கிருந்து கிளம்பாது.

சரி, நம்மவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வந்து மூன்று மாதத்தில் 'மேட்', 'இன்னிட்' என்று பேசுகிற தமிழர்கள் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிடு. எனக்கு ஆகாதவர்கள் வேறு ரகம். பொங்கல் விழாவில் தட்டோடு வந்து, 'ராயபுரமா? இன்னா நைனான்னு கொஞ்சம் பேசிக் காட்டுங்க' என்பார்கள். நான் என்ன மிமிக்ரி செய்யவா விசா எடுத்து வந்தேன்? நைனா தெலுங்கு. நாஸ்டா, பேஜார், கலீஜ் எல்லாம் உருது வழியாக வந்தவை. கலந்து வாழ்ந்த ஜனங்களின் பேச்சு அப்படித்தான் இருக்கும். நம் கலப்புப் பேச்சைக் கொச்சை என்று சிரிக்கிற அதே ஆள், வேலையிடத்தில் அசல் சரக்கை 'புக்கா' என்றும், நோகாத வேலையை 'குஷி ஜாப்' என்றும் இங்கிலீஷில் பெருமையாகச் சொல்வார். புக்கா நம்ம பக்கா, குஷி நம்ம குஷி. வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு போனதை இவர் ஸ்டைலாகத் திருப்பி வாங்குகிறார், அவ்வளவுதான்.

உங்கள் ஊர் வார்த்தை ஒன்றும் இங்கே இருக்கிறது. கூட வேலை செய்பவர் கிரீஸுக்குப் போய் 'கேட்டமரான்' ஏறினேன் என்று படம் காட்டினார். அடியில் இரண்டு தனித்தனி ஓடம், மேலே படுக்கை, ஃபிரிட்ஜ். என் பெரியப்பா போனது கயிற்றால் கட்டிய நாலைந்து மரம், திரும்பி வந்ததும் அவிழ்த்து மணலில் காயப் போடுவார். அதற்கும் இதற்கும் பெயர் ஒன்று! இன்னொரு நாள் நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினால், போன நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் அந்த வார்த்தைக்குச் சண்டைக்காரி என்றும் கொச்சையாக ஒரு அர்த்தம் இருந்திருக்கிறது. மீன் விற்ற எங்கள் பெரியம்மா ஞாபகம் வந்து, நூலகம் என்றும் பார்க்காமல் சிரித்துவிட்டேன்.

கோட்டு இங்கே வந்து வாங்கு. குக்கர் எடுத்து வா, இங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வேறு. வாடகையை இங்கே அறை எடுத்திருக்கிற பையன்களைக் கேள். யார் புது வார்த்தை சொல்லிக் கொடுத்தாலும், அதே வார்த்தையை வேறு இரண்டு பேர் வாயில் கேட்கும் வரைக்கும் உன் வாயைத் திறக்காதே.

பழகிக்கொண்டாலும் கஷ்டம்தான். இங்கே நன்றி சொல்ல 'சியர்ஸ்' என்பார்கள். போன முறை ஊருக்கு வந்தபோது, காலை ஏழு மணிக்கு கல்மண்டபத்தில் ஆட்டோவை விட்டு இறங்கி, காசைக் கொடுத்துவிட்டு, பழக்க தோஷத்தில் 'சியர்ஸ்' என்றேன். ஆட்டோக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

'இன்னா சார், காலைலயேவா?'