எஞ்சினுக்கு முன்னால் டயரைப் பாருங்கள்

கேள்வி: மகனோடு பிளேஸ்டேஷன் 2-ல் 'ரோடு டிரிப் அட்வென்ச்சர்' விளையாடுகிறேன். இருந்த பணத்தையெல்லாம் போட்டுப் பெரிய எஞ்சின் வாங்கியும் பனி ரேஸில் கடைசியாகத்தான் வருகிறோம். என்ன செய்யலாம்?

பதில்: ஓட்டுவதில் கோளாறு இல்லை, டயரில்தான் இருக்கிறது. டகாரா என்ற ஜப்பானியப் பொம்மை நிறுவனத்தின் குட்டிக் கார்களை வைத்து 2002-ல் ஜப்பானில் வந்த விளையாட்டு இது. கார்களின் உருவத்தைப் பார்த்துச் சின்னப் பிள்ளை சமாச்சாரம் என்று நினைத்துவிடுவோம். ஆனால் தரைக்கும் டயருக்கும் உள்ள உறவில் அது கறாராகத்தான் இருக்கும். விளையாட்டில் வரும் பனிப் பகுதியான ஒயிட் மவுண்டன் பக்கம் சாதா டயரோடு போனால் எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் பயனில்லை. வளைவில் கார் நேராக வழுக்கிக்கொண்டே போகும், பின்னால் வந்தவர்களெல்லாம் தாண்டிப் போய்விடுவார்கள்.

பனிக்கு ஸ்டட்லெஸ், மண்ணுக்கும் மணலுக்கும் ஆஃப் ரோடு, ஈரத் தரைக்கு வெட் டயர், தார் ரோட்டுக்கு ரேசிங் வகை. ஒவ்வொன்றிலும் ஒரு செட் கையில் இருக்கட்டும். வாங்கிய பாகம் உங்களிடமே இருக்கும், கியூஸ் ஃபேக்டரி என்ற பாகக் கடைக்குள் போய் வேண்டியபோது மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் கியர். வளைவு நிறைந்த பாதைக்குச் சட்டென்று வேகமெடுக்கும் கியர், நீளமான ரோட்டுக்கு உச்ச வேகம் தரும் கியர். எஞ்சினை இதற்கெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பணம் தீர்ந்துவிட்டதா? பரவாயில்லை, ஏற்கெனவே ஜெயித்த எளிய ரேஸையே திரும்ப ஓட்டுங்கள். அலுப்பாக இருந்தால் ஊர் சுற்றலாம். இந்த உலகத்தில் மனுஷர் ஒருவரும் கிடையாது, வீட்டில் குடியிருப்பதும் கார், கடை வைத்திருப்பதும் கார். முதல் ஊரான பீச் டவுனில் (Peach Town) தொடங்கி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்து பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். வழி சொல்பவர், வேலை கொடுப்பவர், உங்கள் அணியில் சேர்ந்துகொள்பவர் என்று பலர் அகப்படுவார்கள். முடித்துக்கொடுக்கும் வேலைகளுக்கு ஸ்டாம்ப் விழும், மொத்தம் 100. என்னைக் கேட்டால் ரேஸைவிட இதுதான் சுவாரசியம். பேச்செல்லாம் திரையில் ஆங்கில எழுத்தாகத்தான் வரும் என்பதால் மகன் சின்னவன் என்றால் நீங்கள்தான் வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

கதைப்படி, உலக கிராண்ட் பிரீ என்ற பெரிய ரேஸில் ஜெயிப்பவர்தான் இப்போதைய அதிபர் ஃபாரஸ்டுக்குப் பின் அந்த நாட்டு அதிபர். அதுவரை போக அவசரம் வேண்டாம், இப்போதைக்கு ஸ்டட்லெஸ் டயருக்குச் சேர்த்துவிட்டு அந்தப் பனி ரேஸை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.